பெயரும் மகப்பேறும்

‘இஸ்ம்’ (பெயர்) என்னும் அரபுச் சொல்லின் வேர் குறித்து இலக்கண அறிஞர்களிடையே பழைய வழக்கொன்று உண்டு. உயர்வைக் குறிக்கும் ‘ஸுமுவ்வு’ என்பதிலிருந்து அது பிறந்தது என்பர் பஸ்ராவினர். சூட்டுக்குறியைச் சுட்டும் ‘வஸ்ம்’ என்பதே வேர் என்பர் கூஃபாவினர். இலக்கண விதிப்படி பஸ்ராவினர் கூற்றே வலுவுடையது. ஆயினும், 2001 செப்டம்பர் 11க்குப் பின் அமெரிக்காவில் அரபுப் பெயர் தாங்கி வாழ்ந்த பெண்களை எண்ணும்போது கூஃபாவினரின் சொல்லே நினைவில் எழுகிறது.

அந்நாட்டு எஃப்.பி.ஐ.யின் கணக்கில், முஸ்லிம்களுக்கு எதிரான வெறுப்புக் குற்ற நிகழ்வுகள் 2000இல் 28, 2001இல் 481. கடையிலும் அலுவலகத்திலும் கேட்க நேர்ந்த ஏச்சுகள் இத்தகைய ஏடுகளில் ஏறுவதில்லை. அவை உடலில் ஏறுகின்றனவா என்பதே வினா.

சிகாகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டயன் லாடர்டேல் இதனை ஆராய்ந்து 2006இல் வெளியிட்டார். கலிஃபோர்னியாவின் பிறப்புப் பதிவுகளில் ‘அரபியர்’ என்னும் இனப்பிரிவு இல்லை. எனவே தாய்மாரை அவர் பெயரைக் கொண்டே இனங்கண்டார். ஏசியவனுக்கு எது அடையாளமாயிற்றோ, அதுவே ஆய்வாளருக்கும் அடையாளமாயிற்று! அந்நிகழ்வை அடுத்த ஆறு மாதங்களில் ஈன்றவர்களை, முந்திய ஆண்டின் அதே மாதங்களில் ஈன்றவர்களோடு அவர் ஒப்பிட்டார். அரபுப் பெயருடைய தாய்மாருக்கு 2,500 கிராமுக்குக் குறைந்த எடையுள்ள மகவு பிறக்கும் வாய்ப்பு 34 விழுக்காடு கூடியிருந்தது. பிற இனப் பெண்களிடம் இவ்வுயர்வு காணப்படவில்லை. தம் மகவுக்கும் அரபுப் பெயரையே சூட்டியோரிடம் அது ஏறத்தாழ இரு மடங்கு.

வறுமையையும் ஊட்டக்குறைவையும் காரணமாகக் காட்டுவோர் உளர். ஒரே ஆண்டில், அதுவும் ஓர் இனத்தாருக்கு மட்டும், வறுமை இவ்வாறு பெருகிவிடுமா? இடையறாத அச்சத்தில் கார்ட்டிசோல் முதலிய சுரப்புகள் உடலில் மிகுகின்றன; அவை கருவின் வளர்ச்சியைத் தடுக்கவும், பேற்றை முன்கூட்டியே தூண்டவும் கூடும் என்பது மருத்துவர் விளக்கம்.

இது அரபியருக்கு மட்டும் நேர்ந்ததன்று. 2008இல் ஐயோவா மாநிலத்துப் போஸ்ட்வில் ஊரில் குடியேற்ற அதிகாரிகள் பெருஞ்சோதனை நடத்தினர். அதன்பின் அம்மாநில லத்தீன் அமெரிக்க வம்சாவளித் தாய்மாரிடம் எடை குறைந்த பேறுகளின் வாய்ப்பு 24 விழுக்காடு உயர்ந்ததை 2017இல் வெளியான ஆய்வொன்று காட்டிற்று. அமெரிக்க மண்ணிலேயே பிறந்த, எனவே நாடுகடத்தலுக்கு அஞ்ச வேண்டாத பெண்களும் அதில் தப்பவில்லை.

ஆனால் மிச்சிகன் மாநில அரபியரிடையே நிகழ்ந்து 2008இல் வெளியான ஆய்வு, 2001க்குப் பின் அத்தகைய உயர்வு எதையும் காணவில்லை. அங்கு டியர்போர்ன் நகரைச் சூழ அரபியர் திரளாக வாழ்கின்றனர். பள்ளிவாசலும் கடைவீதியும் அவர்களுடையவை. அண்டை வீட்டாரும் அதே மொழி பேசும் தெருவில் கர்ப்பிணிப் பெண்ணின் பெயர் எவர் காதையும் உறுத்துவதில்லை. வேறுபாட்டுக்கு இதுவே காரணம் என்பது முடிந்த முடிபன்று; எனினும் எனக்கு அதுவே பொருத்தமாகப் படுகிறது.