தவறிய விரலும் தவறான விசையும்

இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்காவின் பி-17 குண்டுவீச்சு விமானங்கள் சில, பத்திரமாகத் தரையைத் தொட்டு ஓடுபாதையில் ஓடும்போதே சக்கரம் மடங்கி வயிறு தேய விழுந்தன. இயந்திரத்தில் பழுதில்லை. இறக்கையின் பின்னால் விரியும் ‘ஃபிளாப்’ தகடுகளை மடக்க வேண்டிய விமானி, சக்கரங்களை மடக்கியிருந்தார். விமானியின் தவறு என்றே பதிவாயிற்று.

ராணுவ விமானப் படையில் பணியாற்றிய உளவியலாளர் அல்போன்ஸ் சபானிஸ் விமானியை விட்டுவிட்டு விமானி அறையைப் பார்த்தார். சக்கரத்துக்கு ஒரு விசை, ஃபிளாப்புக்கு ஒரு விசை. இரண்டும் ஒரே வடிவில் அருகருகே இருந்தன. வேறு அமைப்புள்ள சி-47 விமானங்களில் இந்தக் குழப்பம் நேரவில்லை. சக்கர விசையின் முனையில் சிறு ரப்பர் சக்கரத்தையும் மற்றதில் ஆப்பு போன்ற துண்டையும் பொருத்தினார். களைத்துப்போய் இருட்டில் துழாவும் கைக்கும் எது எதுவென்று தெரிந்துவிட்டது. புதுப் பயிற்சியோ எச்சரிக்கைப் பலகையோ தேவைப்படவில்லை. இன்றைய பயணிகள் விமானத்திலும் சக்கர நெம்புகோலின் தலை சக்கர வடிவில்தான் இருக்கிறது.

1947இல் ஆய்வாளர்கள் பால் ஃபிட்ஸும் ரிச்சர்ட் ஜோன்ஸும் விமானிகளின் இப்படிப்பட்ட 460 அனுபவங்களைத் திரட்டி ஆராய்ந்தார்கள். ‘விமானியின் பிழை’ என்பதை அவர்கள் மேற்கோள் குறிக்குள்தான் எழுதினார்கள். கணினிக்கும் மனிதருக்குமான உறவை ஆராயும் இன்றைய துறைக்கு அந்த மேற்கோள் குறியே அடித்தளம் என்பேன். 1954இல் ஃபிட்ஸ் ஒரு விதியும் தந்தார்: இலக்கு சிறியதாகவும் தொலைவாகவும் இருந்தால் அதைத் தொட அதிக நேரம் பிடிக்கும். திரையில் பொத்தானின் அளவையும் இடத்தையும் முடிவுசெய்ய அந்த விதி இன்றும் உதவுகிறது.

ஆனால் வடிவமும் அளவும் மட்டும் போதாது; இயந்திரம் தன் நிலையை உண்மையாகச் சொல்லவும் வேண்டும். தெராக்-25 என்ற கணினிவழிக் கதிர்வீச்சுச் சிகிச்சைக் கருவியால் 1985 முதல் 1987 வரை ஆறு நோயாளிகள் அளவு மீறிய கதிர்வீச்சுக்கு ஆளானார்கள். 1986இல் டெக்சாஸில் நடந்ததைப் பாருங்கள். கருவியை இயக்கியவர் எலக்ட்ரான் சிகிச்சைக்கான ‘இ’க்குப் பதில் எக்ஸ் கதிருக்கான ‘எக்ஸ்’ எழுத்தைத் தட்டிவிட்டு, உடனே திருத்தினார். திரை திருத்தத்தைக் காட்டியது. ஆனால் அவருடைய வேகத்துக்கு மென்பொருள் ஈடுகொடுக்கவில்லை. உள்ளே கருவி சரியாக மாறவில்லை. ‘கோளாறு 54’ என்று ஒரு செய்தி வந்தது. அதன் பொருள் திரையில் இல்லை. கொடுத்த கதிர்வீச்சு மிகக் குறைவு என்று வேறு காட்டியது. அன்றாடம் இத்தகைய செய்திகள் வந்துபோகும் கருவி அது; தொடர்வதற்கு ஒரு விசையைத் தட்டினால் போதும். அவரும் தட்டினார். ஏற்கெனவே அளவு மீறிய கதிர் பாய்ந்த நோயாளி மீது மறுபடியும் பாய்ந்தது. சில மாதங்களில் அவர் இறந்தார்.

அந்த ஊழியரின் கவனத்தில் என்ன குறை? எதுவுமில்லை என்பதே என் உறுதியான கருத்து. நீண்ட விண்ணப்பப் படிவத்தை நிரப்பி முடித்த முதியவரிடம் ‘தவறான உள்ளீடு’ என்று மட்டும் சொல்லிவிட்டு, எந்தக் கட்டத்தில் தவறு என்று சொல்லாத இணையதளமும் அந்தக் கருவி செய்த பிழையைத்தான் செய்கிறது. அங்கே உயிர் போகாது. ஆனால் ஓய்வூதியம் தாமதமாகலாம்.

தன் நிலையை மறைக்கும் இந்தச் சிக்கல் எழுதும் மென்பொருளிலும் இருந்தது. 1970களில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்ட்டோ ஆய்வகத்தில் ‘பிராவோ’ என்ற எழுத்துச் செயலி இருந்தது. அதில் எழுத்துகளே சில வேளை கட்டளைகளாகவும் மாறும். கட்டளை நிலையில் இருப்பதை மறந்து ‘எடிட்’ என்ற ஆங்கிலச் சொல்லைத் தட்டினால், முதல் எழுத்து ஆவணம் முழுவதையும் தேர்ந்தெடுக்கும், இரண்டாவது அழிக்கும், மூன்றாவது புது எழுத்தை ஏற்கத் தயாராகும், நான்காவது மட்டும் ‘டி’யாகத் திரையில் நிற்கும். அதே ஆய்வகத்தின் லாரி டெஸ்லர் இந்த மறைமுக நிலைமாற்றங்களை வாழ்நாள் முழுக்க எதிர்த்தார். கணினி அறியாத ஒருவரை வெற்றுத் திரையின் முன் உட்காரவைத்து, இங்கே ஒரு பக்கம் இருக்கிறது, எப்படித் திருத்துவீர்கள் என்று கேட்டார். அந்த நபர் செய்துகாட்ட, டெஸ்லர் குறித்துக்கொண்டார். பிறகு டிம் மாட்டுடன் சேர்ந்து அவர் உருவாக்கிய ‘ஜிப்சி’ செயலியில், தட்டிய எழுத்து தட்டிய இடத்தில் விழுந்தது. சொல்லைத் தேர்ந்தெடுத்து, வெட்டி, வேண்டிய இடத்தில் ஒட்ட முடிந்தது.