மேலே அடித்த மருந்து எங்கே போகிறது?

இடம்பெயர்ந்து வந்து புதிய இடத்தில் குடியேறும்போது, மண் எப்படி, தண்ணீர் எங்கே என்று கேட்கிறோம். மலையகத்தில் இன்னொன்றையும் கேட்க வேண்டும். எமது நிலத்துக்கு மேலே இருப்பது என்ன? தேயிலை மலையா, மரக்கறித் தோட்டமா? அங்கே அடிக்கும் மருந்தும் போடும் உரமும் அங்கேயே நின்றுவிடுவதில்லை.

எல்லாம் ஒரே வழியில் போவதும் இல்லை. சில மண்ணைப் பற்றிக்கொள்ளும். சில தண்ணீரில் கரைந்து போகும்.

புல்லுக்கு அடிக்கும் மருந்துகளைப் பாருங்கள். பரகுவாட் களிமண்ணை இறுகப் பற்றி, ஆண்டுக்கணக்கில் அழியாமல் கிடக்கும். இலங்கையில் 2008 முதல் அது படிப்படியாக நிறுத்தப்பட்டது. கிளைபொசேற்றும் மண்ணைப் பற்றும். ஆனால் மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் அதைச் சிதைத்துவிடும். அதற்குச் சில நாட்களும் ஆகலாம், சில மாதங்களும் ஆகலாம். நுவரெலியா போன்ற குளிர்ந்த இடங்களில் நுண்ணுயிர்களின் வேலை மெதுவாகவே நடக்கும். 2015இல் கிளைபொசேற் தடைசெய்யப்பட்டது. 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் அனுமதிக்கப்பட்டது. 2022இல் தடையே நீக்கப்பட்டது. சட்டம் மாறலாம், மண்ணின் இயல்பு மாறாது.

மண்ணைப் பற்றிய மருந்து மண்ணோடுதான் பயணம் செய்யும். பெருமழையில் வெற்று நிலம் கரைந்து, கான் வழியே ஓடையில் சேரும். உரத்திலுள்ள பொசுபரசும் பெரும்பாலும் இப்படித்தான் போகிறது. நானு ஓயாவின் நீர் கொத்மலை ஓயா வழியாகக் கொத்மலை நீர்த்தேக்கத்தை அடைகிறது. 1991இல் அந்த நீர்த்தேக்கத்தில் நீலப்பச்சைப் பாசி பெருகியது. இத்தகைய பாசிக்கு உணவாவது நீரில் சேரும் உரச்சத்துத்தான். ஹட்டன் பக்கத்து ஓடைகள் சிலவோ களனி கங்கையில் சேர்ந்து கொழும்புக்குக் குடிநீராகின்றன.

யூரியாவின் கதை வேறு. அது மண்ணில் நைத்திரேற்றாக மாறும். மண்ணால் அதைப் பிடித்து வைக்க முடியாது. மழைநீரோடு கீழிறங்கி ஊற்றிலும் கிணற்றிலும் சேரும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. கொதிக்க வைத்தாலும் போகாது. நீர் வற்ற வற்ற அதன் அளவு கூடும். ஒரு லீற்றரில் 50 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோல். அத்தகைய நீரில் பால்மா கரைத்துக் கொடுத்தால், கைக்குழந்தையின் இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கும் வலுவை இழக்கக்கூடும்.

நாம் செய்யக்கூடியவை:

• மழை வரும் அறிகுறி இருந்தால் மருந்து அடிக்க வேண்டாம்.

• தெளிகருவியைப் பீலியிலோ ஓடையிலோ கழுவ வேண்டாம்.

• ஓடைக்கரையில் புல்லையும் செடியையும் விட்டுவையுங்கள்.

• சரிவுக்குக் குறுக்கே கான் வெட்டுங்கள். வெற்று மண்ணைத் தழையால் மூடுங்கள்.

• யூரியாவை ஒரேயடியாகப் போடாமல், பயிர் உறிஞ்சும் அளவுக்குப் பிரித்துப் போடுங்கள்.

• வீட்டில் கைக்குழந்தை இருந்தால், ஊற்று நீரைப் பரிசோதிக்கும் வழியைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேளுங்கள்.

எமக்கு மேலே ஒரு நிலம் இருப்பதுபோல, எமக்குக் கீழேயும் ஒரு குடும்பத்தின் பீலி இருக்கிறது.