அன்ன வாகனமும் கறுப்பு மஞ்சள் டாக்ஸியும்

1910ஆம் ஆண்டு கல்கத்தாச் சாலைகளில் ஒரு வெள்ளை அன்னம் ஓடியது. அங்கே வேலை பார்த்த ராபர்ட் நிக்கோல் மாத்யூசன் என்ற வெள்ளைக்காரப் பொறியாளர், இங்கிலாந்தில் லோஸ்டாஃப்ட் ஊரின் புரூக் கம்பெனியிடம் சொல்லிச் செய்யவைத்த கார் அது. மர உடம்பு. அதன்மேல் தங்க ரேக்கில் தாமரைப் பூக்கள். இருட்டில் ஒளிரும் கண்கள். புரூக் கம்பெனி படகும் கட்டியது. ஓட்டுநருக்கு உத்தரவு அனுப்பக் கப்பலில் உள்ளதுபோல் ஒரு கருவியும் காரில் இருந்தது. எஞ்சின் புகையின் வேகத்தில் ஒலிக்கும் எட்டுக் குழல் ஆர்கன் உண்டு. கட்டைகளை அழுத்தினால் இசை வரும். கூட்டம் வழிமறித்தால் அன்னத்தின் அலகு திறந்து கொதிநீராவியைப் பீய்ச்சும். பின்பக்கம் ஒரு வால்வைத் திறந்தால், பறவை எச்சமிடுவது மாதிரி சுண்ணாம்புக் குழம்பு சாலையில் கொட்டும். டயரில் அப்பும் யானைச் சாணத்தைத் தள்ளிவிட பிரஷ்கூட வைத்திருந்தார்கள்.

ஊர் அல்லோலகல்லோலப்பட்டு, கடைசியில் போலீஸ் தலையிட்டு வண்டியைத் தெருவுக்கு வராமல் நிறுத்தியது. பிறகு நாபா மகாராஜா வாங்கினார். எழுபது ஆண்டுகளுக்கு மேல் அரச குடும்பத்தின் வசம் இருந்துவிட்டு, இப்போது நெதர்லாந்தின் ஹேக் நகரில் லோமன் அருங்காட்சியகத்தில் நிற்கிறது.

இதன் படத்தை என் தம்பி மகன் போனில் காட்டி, "அத்தே, செம கெத்துல்ல?" என்று கேட்டான். இல்லை என்றேன். அந்த மரவேலைக்கும் தங்க ரேக்குக்கும் நான் கைகூப்புவேன். ஆனால் நடந்துபோகிறவன் முகத்தில் ஆவி அடித்து வழி கேட்கிற வண்டியை என்னால் கொண்டாட முடியாது. அந்தத் தெருவில் அன்றைக்கு நடந்துபோனவர்கள் கூலிகள், கூடைக்காரிகள், நம் ஜனம்.

இவ்வளவு வேகமாகத் தீர்ப்புச் சொல்ல ஒரு காரணம் உண்டு. நான் டிங்கரிங் வேலைக்காரரின் மகள். அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தாராவிக்கு வந்தவர். கார்களின் நெளிவை எடுத்து, பட்டி போட்டு, வாட்டர் பேப்பர் தேய்த்து, பெயின்ட் அடிக்கக் கொடுப்பார். மாட்டுங்கா ஃபைவ் கார்டன்ஸ் பக்கத்துப் பார்சிக் குடும்பத்தார் தங்கள் பழைய கார்களை அவரிடம் விடுவார்கள். வட்ட முதுகு ஃபியட் ஒன்று அடிக்கடி வரும். அந்த மாடலை மும்பைத் தெருவில் 'டுக்கர் ஃபியட்' என்பார்கள், பன்றி ஃபியட். அதன் மட்கார்டைத் தொட்டுக் காட்டி அப்பா சொல்வார்: "ஏட்டி, இந்தத் தகரத்த ஒரு தட்டு தட்டிப் பாரு. கோயில் மணி கணக்கா கேக்கும்."

பழைய காருக்குக் கதவுக் கைப்பிடி உடைந்தால் கடையில் கிடைக்காது. முதலில் பழைய சாமான் விற்கும் சோர் பஜாரில் தேடுவார்கள். அங்கேயும் இல்லை என்றால், இன்னொரு கதவின் கைப்பிடியைக் கழற்றி, மண்ணில் அச்செடுத்து, பித்தளை வார்த்து, லேத்தில் கடைந்து, குரோம் பூசிப் பொருத்துவார்கள். வார்ப்பு ஒரு சந்தில், லேத்து இன்னொரு சந்தில். தென் மும்பையில் ஞாயிற்றுக்கிழமை வின்டேஜ் கார்கள் அணிவகுக்கும்போது கைதட்டல் முழுவதும் ஸ்டியரிங் பிடித்திருப்பவருக்குப் போகிறது. சந்துக்காரர் பெயரையும் ஒரு அட்டையில் எழுதிக் கண்ணாடியில் ஒட்டினால் என்ன குறைந்துவிடும்?

சேகரித்தவர்களைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். 1971இல் மன்னர் மானியம் ஒழிந்த பிறகு, கொட்டகையில் கிடந்த அரண்மனைக் கார்களைப் பலர் கைகழுவினார்கள். மும்பைக்காரர் பிரான்லால் போகிலால் அப்படிப்பட்ட வண்டிகளைத் தேடித்தேடி வாங்கினார். அகமதாபாத் அருகே கட்வாடாவில் அவர் சேர்த்தவை இன்று அருங்காட்சியகமாக இருக்கின்றன. கோயம்புத்தூரில் ஜி.டி. நாயுடு குடும்பத்தாரின் ஜீடி கார் மியூசியமும் பார்க்க வேண்டிய இடம்.

ஆனால் ஆடம்பரத்துக்கு அரண்மனை தேவையில்லை. என் கண்ணில் மும்பையின் மிக ஆடம்பரமான கார், பிரீமியர் பத்மினி டாக்ஸிதான். வால்சந்த் ஹீராசந்த் தொடங்கிய பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ், குர்லா ஆலையில் 1964இல் ஃபியட் 1100 டிலைட்டைக் கொண்டுவந்தது. 1974இல் அதற்குப் பத்மினி என்று ராஜபுத்திர ராணியின் பெயர் வந்தது. கியர் ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில். முன் சீட்டு பெஞ்சு மாதிரி நீளம். வெளியே கறுப்பும் மஞ்சளும்தான், அது சட்டம். உள்ளே ஓட்டுநரின் ராஜ்ஜியம். கூரை முழுக்கப் பூப்போட்ட ரெக்ஸின், கண்ணாடிப் பட்டை, நீலச் சிவப்புக் குட்டி விளக்குகள், குஞ்சலம், டாஷ்போர்டில் சாமி படமோ மெக்கா படமோ. 2015இல் டாக்ஸி ஃபேப்ரிக் என்ற குழுவின் இளம் ஓவியர்கள் சீட்டுக்கும் கூரைக்கும் புதுப்புது துணி வடிவங்கள் செய்தார்கள். செம்பூர் ஸ்டேஷன் வாசலில் கையில் துணிப்பையோடு நிற்கிற கிழவிக்கும் மீட்டர் காசுக்கு அந்தக் கூரையின் கீழ் இடம் கிடைத்தது. அன்னம் கல்கத்தாவைத் துரத்தியது. பத்மினி கதவைத் திறந்து ஏற்றிக்கொண்டது. கெத்து என்று நான் சொல்வது இதைத்தான்.

கடைசிப் பத்மினி டாக்ஸி தார்தேவ் ஆர்டிஓவில் 2003 அக்டோபர் 29இல் பதிவானது. மும்பையில் டாக்ஸிக்கு வயது வரம்பு 20 ஆண்டு. ஆகவே 2023 அக்டோபர் 30 முதல் ஒன்றுகூடத் தெருவில் இல்லை. பழைய டீசல் டபுள் டெக்கர் பஸ்களும் அதே ஆண்டு போயின. ஒரு பத்மினியையாவது பாதுகாக்கும்படி மும்பை டாக்ஸி ஓட்டுநர் சங்கம் அரசிடம் கேட்டுப் பார்த்தது, நடக்கவில்லை.

கார் ரசிகர்கள் வழக்கில் 1919 முதல் 1930 வரை செய்த கார்தான் வின்டேஜ். நம் சட்டம் இன்னும் தாராளமானது. 2021இல் மத்திய அரசு கொண்டுவந்த விதிப்படி, 50 வயது தாண்டி, பெரிய மாற்றம் செய்யாமல் பராமரித்த இரு சக்கர, நான்கு சக்கர வண்டிகள் எல்லாம் வின்டேஜ். நம்பர் பிளேட்டில் 'விஏ' என்ற எழுத்து வரும். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000, பத்தாண்டு செல்லும். கண்காட்சி, அணிவகுப்பு, பழுதுபார்ப்பு, பெட்ரோல் போடுவது ஆகியவற்றுக்கு ஓட்டலாம். அன்றாடம் ஓட்டக் கூடாது, வாடகைக்கும் கூடாது.

இந்தக் கணக்கில் 1974இல் வந்த முதல் பத்மினிகள் இப்போதே வின்டேஜ். உங்கள் தாத்தாவின் பத்மினியோ ஃபியட்டோ செம்பூரிலோ திருநெல்வேலியிலோ தார்ப்பாயின் கீழ் கிடந்தால், பழைய இரும்புக்காரரைக் கூப்பிடும் முன் ஆர்டிஓவில் விசாரியுங்கள். அந்தக் கடைசி டாக்ஸிக்கு 50 வயதாக 2053 வரவேண்டும். அதுவரை, குஞ்சலமும் குட்டி விளக்கும் கழற்றாத ஒரு டாக்ஸியை இந்த ஊரில் ஏதாவது ஒரு கூரையின் கீழ் நிறுத்திவைக்க மும்பை மாநகராட்சி இடம் ஒதுக்க வேண்டும்.