கோடு போட்டால் பாதை ஆகிவிடுமா?

தலைநகர் டில்லியில் சைக்கிளை நம்பிப் பிழைப்பவர்கள் யார் என்பதை அறிய வேண்டுமானால், விடியற்காலையில் ஏதேனும் ஒரு பெரிய சாலையின் ஓரத்தில் சற்று நேரம் நின்று பார்த்தால் போதும். இரவுக் காவல் முடிந்து வீடு திரும்புபவர், பால் பாக்கெட் சுமந்து செல்பவர், கொத்தனார், எலெக்ட்ரீஷியன், ஆபீஸ் பியூன் என்று வரிசையாகப் போவார்கள். அவர்களில் நம்மவர்களும் உண்டு. பஸ்ஸுக்கும் மெட்ரோவுக்கும் கொடுக்கும் காசு மிச்சமானால் ஊருக்கு அனுப்பும் தொகை சற்றுக் கூடும் என்ற கணக்குத்தான் இவர்களைச் சைக்கிளில் ஏற்றுகிறது. 2011-ம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் நூற்றுக்கு 45 வீடுகளில் சைக்கிள் இருந்தது. கார் இருந்ததோ நூற்றுக்கு ஐந்து வீடுகளில்கூட இல்லை. ஆனால் சாலை யாருக்காகப் போடப்படுகிறது?

சைக்கிள்காரர்களுக்கென்று பாதையே போடவில்லை என்று சொல்ல முடியாது. பல இடங்களில் போட்டிருக்கிறார்கள். ஆனால் அந்தப் பாதையில் சைக்கிள்தான் போக முடிவதில்லை. நடுவே மின்கம்பம் நிற்கும், மரம் நிற்கும், கார்கள் வரிசையாக நிற்கும், சில இடங்களில் பாதையே ஒரு சுவரில் போய் முட்டும். வேறு வழியின்றிச் சைக்கிள்காரர் சாலையில் இறங்கினால், 'பாதை போட்டுக் கொடுத்தும் அதில் போகிறானா பார்' என்று பழி அவர் மேல் விழுகிறது.

விதி இல்லாமல் இல்லை

இதற்கெல்லாம் விதி இல்லையா என்று கேட்கலாம். உண்டு. இந்தியச் சாலைகள் காங்கிரஸ் என்ற பொறியாளர் அமைப்பு 1962-லேயே சைக்கிள் பாதைகளுக்கு இலக்கணம் வகுத்துவிட்டது. அதன்படி, மணிக்கு 200-க்கு மேல் மோட்டார் வாகனங்கள் ஓடும் சாலையில், நெரிசல் நேரத்தில் 100 சைக்கிள்கள் சென்றாலே தனிப் பாதை போடலாம். பாதையின் அகலம் 2 மீட்டருக்குக் குறையக் கூடாது. சாலைக்கும் பாதைக்கும் நடுவே கூடியவரை 1 மீட்டர் இடைவெளி வேண்டும். தளமும் விளக்கு வெளிச்சமும் பிரதான சாலைக்குச் சமமாகவோ அதைவிட மேலாகவோ இருக்க வேண்டும். பாலம் வந்தாலும் பாதை அகலம் குறையாமல் அதன்மேல் தொடர வேண்டும். பாதை கைப்பிடிச் சுவரை ஒட்டிச் சென்றால் அந்தச் சுவரை 15 சென்டிமீட்டர் உயர்த்திக் கட்ட வேண்டும் என்பது வரை எழுதி வைத்திருக்கிறார்கள். 2015-ல் இந்த விதிகள் திருத்தி வெளியிடப்பட்டன.

அப்படியானால் கோளாறு எங்கே? சாலையை அளக்கும்போது காருக்கும் பஸ்ஸுக்கும் முதலில் இடம் ஒதுக்கிவிட்டு, மீந்து போன இடத்தைச் சைக்கிளுக்குத் தள்ளுவதுதான் கோளாறு. மீந்த இடம் எல்லா இடத்திலும் ஒரே அளவாக இருக்காது அல்லவா? நேரான சாலையில், ஆபத்து குறைந்த இடத்தில், பாதை அகலமாக இருக்கும். நாற்சந்தி நெருங்கியதும் குறுகும். சிக்னலுக்கு முன்பே காணாமல் போகும். சைக்கிள்காரருக்குப் பாதுகாப்பு அதிகம் வேண்டியது அந்த இடத்தில்தான். இடப்பக்கம் திரும்பும் லாரி அவரை மடக்குவதும், நிறுத்தத்துக்காக ஓரம் கட்டும் பஸ் அவரை நெருக்குவதும் அங்கேதான்.

ஒரு பாதை பிறந்ததும் மறைந்ததும்

இந்தச் சிக்கலுக்கு டில்லியிலேயே ஒரு விடை கிடைத்தது. அம்பேத்கர் நகரிலிருந்து மூல்சந்த் வரை 5.8 கிலோமீட்டர் நீளத்துக்கு 2008-ல் திறக்கப்பட்ட பி.ஆர்.டி. சாலையில் பஸ்களுக்கு நடுவிலும் சைக்கிள்களுக்கு இடது ஓரத்திலும் தனிப் பாதை அமைத்தார்கள். பஸ் நிறுத்தம் சாலையின் நடுவே இருந்ததால், பஸ் ஓரத்துக்கு வந்து சைக்கிளை மறிக்க வேண்டிய அவசியமே இல்லை. தட்சிணபுரி, மதன்கீர் போன்ற மறுகுடியேற்றக் காலனிகளிலிருந்து வேலைக்குச் செல்வோருக்கு இது நேர் வழி.

குறைகளும் இருந்தன. சிராக் டில்லி சந்திப்பில் கார்கள் நீண்ட வரிசையில் காத்து நின்றன. நெரிசல் கண்ட ஸ்கூட்டர்களும் மோட்டார் சைக்கிள்களும் சைக்கிள் பாதைக்குள் புகுந்தன. சாலையை மூட வேண்டும் என்ற வழக்கை 2012-ல் டில்லி உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. ஆனாலும் கார்க்காரர்களின் புகார் ஓயவில்லை. 2016-ல் அதை இடிக்கத் தொடங்கினார்கள். குறையைத் திருத்துவதற்குப் பதில் திட்டத்தையே கலைத்துவிட்டார்கள். காரில் போனவர்களின் குரல் கேட்டது. சைக்கிளில் போனவர்களின் குரல் கேட்கவில்லை.

சைக்கிள் என்றால் ஏழையின் வண்டிதானே என்ற அலட்சியம் யாரையும் விட்டு வைப்பதில்லை. சுற்றுச்சூழல் அறிஞர் சுனிதா நாராயண் 2013 அக்டோபரில் ஒரு நாள் காலை டில்லியில் சைக்கிளில் சென்றபோது ஒரு கார் மோதிவிட்டு நில்லாமல் ஓடியது. அவர் படுகாயமடைந்தார். அவர் பெயர் பெற்றவர். அதனால் நாடு முழுதும் செய்தி ஆயிற்று. பெயர் தெரியாத உழைப்பாளிக்கு நேர்ந்தால் போலீஸ் நிலையத்தின் பதிவேட்டில் ஒரு வரியோடு முடிந்துவிடுகிறது.

தெரிந்து வைத்துக்கொள்ள

மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-ல் சேர்க்கப்பட்ட 198-ஏ பிரிவு, சாலையை வகுத்த முறையிலோ, கட்டிய முறையிலோ, பராமரிப்பிலோ விதி மீறி, அதனால் மரணமோ ஊனமோ நேர்ந்தால் பொறுப்பான அதிகாரிகளுக்கும் கான்டிராக்டருக்கும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க இடம் தருகிறது. மோதிய வண்டி எது என்றே தெரியாவிட்டாலும், 2022 ஏப்ரல் முதல் மரணத்துக்கு 2 லட்சமும் பலத்த காயத்துக்கு 50,000 ரூபாயும் இழப்பீடு உண்டு. இதற்கு விபத்து நடந்த பகுதியின் சப்-டிவிஷன் அதிகாரியிடமோ தாசில்தாரிடமோ மனுக் கொடுக்க வேண்டும். மோட்டார் வாகனத்தால் நேரும் விபத்துக்கு, ஏழு நாள் வரை ஒன்றரை லட்சம் ரூபாய்க்குள் பணம் கட்டாமல் சிகிச்சை பெறும் திட்டமும் 2025 மே மாதம் அறிவிக்கப்பட்டது. போலீஸில் புகார் பதிவு செய்யாமல் வீடு திரும்பினால் பின்னால் எதையும் நிரூபிப்பது கடினம்.

நம் பக்கத்திலும் கவனம் தேவை. மூடுபனிக் காலத்தில் பின் மட்கார்டில் சிவப்பு பிரதிபலிப்பான் இல்லாமல் சாலையில் இறங்கக் கூடாது. சிக்னலில் லாரிக்கும் பஸ்ஸுக்கும் இடப்பக்கம் நுழைந்து நிற்பது ஆபத்து. டிரைவர் கண்ணுக்கு அந்த இடம் தெரியாது. பின்னால் நின்று, அது திரும்பிய பிறகு செல்வதே நல்லது.

ஆனால் எச்சரிக்கை ஒன்றே போதும் என்று அரசு கைகழுவக் கூடாது. டில்லியில் 60 அடிக்கு மேல் அகலமான சாலைகளில் பெரும்பாலானவை பொதுப்பணித் துறையின் பொறுப்பில் உள்ளன. உங்கள் வழியில் பாதை எந்த இடத்தில் அறுந்து போகிறது, எந்தச் சந்திப்பில் மறைந்து போகிறது என்று இடத்தைக் குறிப்பிட்டு, நான்கைந்து பேர் சேர்ந்து கையெழுத்திட்டு மனு அனுப்புங்கள். 1962-லேயே எழுதி வைத்த விதியைத்தான் நாம் கேட்கிறோம். சலுகை எதையும் கேட்கவில்லை.