வலிப்பு நோயை யாரிடம் சொல்வது?

வலிப்பு நோய்க்காக எங்கள் புறநோயாளர் பிரிவுக்கு வருவோரில் பலர், மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு எழுந்த பிறகு, கதவருகே சற்றுத் தயங்கி நின்று ஒன்று கேட்பார்கள்: "டாக்டர், இதை வெளியே சொல்லலாமா?" மாத்திரையின் அளவைக் கேட்டால் உடனே கூறிவிடலாம். இக்கேள்விக்கு அரை நிமிடத்தில் விடை கூற இயலாது. ஆகவே இம்மாத இதழில் அதை எடுத்துக்கொண்டோம்.

மறைக்கும் குடும்பங்களை நாங்கள் குறை கூறுவதில்லை. 1976 முதல் 1999 வரை இந்து திருமணச் சட்டமே வலிப்பு நோயை மனநோயுடன் சேர்த்துத் திருமணத்திற்குத் தடையாக வைத்திருந்தது. 1970இல் தொடங்கப்பட்ட இந்திய வலிப்பு நோய்ச் சங்கம் இதை எதிர்த்துத் தொடர்ந்து முயன்றது. 1999ஆம் ஆண்டின் சட்டத் திருத்தத்தில் அச்சொல் நீக்கப்பட்டது. சட்டம் மாறிய வேகத்தில் பெண் பார்க்க வருவோரின் மனம் மாறவில்லை என்பதையும் நாங்கள் அறிவோம்.

ஆயினும் மறைப்பதால் நேர்வதை அவசரப் பிரிவில் காண்பவர்கள் நாங்களே. சில ஆண்டுகளாக வலிப்பே வராதிருந்த ஒரு பெண், திருமணமான சில வாரங்களில் நினைவு திரும்பாமல் தொடர்ந்து வரும் வலிப்புடன் கொண்டுவரப்படுகிறார். மாத்திரை அட்டை பீரோவில் புடவைகளுக்கு அடியில் இருந்திருக்கிறது. யாரும் பார்க்காத வேளையில் மட்டும் விழுங்கியிருக்கிறார். பின்னர் அதுவும் நின்றுபோயிற்று. இதற்கு முன் என்ன மருந்து சாப்பிட்டார் என்று கேட்டால், உடன் வந்த கணவருக்கும் மாமியாருக்கும் தெரியவில்லை. இது ஒருவருடைய கதை அன்று; பல முகங்களில் நாங்கள் பார்த்தது. மருந்தைத் திடீரென நிறுத்துவது உயிருக்கே ஆபத்தாகக்கூடும்.

மற்றொரு காரணமும் உண்டு. மூளை நரம்பணுக்களில் மின்னோட்டம் திடீரென அளவுக்கு மீறிப் பாய்வதால் வலிப்பு தோன்றுகிறது. நினைவிழக்கும் வலிப்பில், நடந்தது என்னவென்று நோயாளருக்கே தெரியாது. கண் எப்பக்கம் திரும்பியது, எந்தக் கை முதலில் இழுத்தது, எவ்வளவு நேரம் நீடித்தது என்பனவற்றை அருகில் இருந்தவரே கூற வேண்டும். ஸ்கேனும் இ.இ.ஜி.யும் இயல்பாக இருந்தும் நோயைக் கண்டறிய எங்களுக்குக் கைகொடுத்தது, பல வேளைகளில், பக்கத்து வீட்டுப் பையன் செல்பேசியில் எடுத்த சிறு காணொளியே. உதவிக்கு வேறொருவர் இருக்கும்போது அவ்வாறு படம் எடுப்பதில் தவறில்லை.

தெரு முழுவதற்கும் சொல்ல வேண்டியதில்லை. வலிப்பு வரும்போது யார் அருகில் இருப்பார்களோ, அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்: வீட்டார், வகுப்பாசிரியர், விடுதியில் அறையைப் பகிர்பவர், பணியிடத்தில் நம்பிக்கைக்குரிய ஓரிருவர். திருமணம் என்றால், நிச்சயத்திற்கு முன்பே. இரு வீட்டாரும் சேர்ந்து வந்தால் விளக்கிச் சொல்ல நாங்கள் ஆயத்தமாக இருக்கிறோம். வலிப்பு நோயுள்ள பெண்களில் பெரும்பாலோர் நலமான குழந்தைகளைப் பெறுகின்றனர். ஆனால் வால்புரோயேட் போன்ற சில மருந்துகள் கருவைப் பாதிக்கக்கூடும். அதனால் கருத்தரிக்கத் திட்டமிடும்போதே எங்களிடம் வர வேண்டும். தாமாக மருந்தை நிறுத்திவிடக் கூடாது.

சொன்னால் மட்டும் போதாது. செய்ய வேண்டியதையும் கற்றுக்கொடுக்க வேண்டும். நம் ஊரில் ஒருவர் வலிப்பு வந்து விழுந்தால் முதலில் தேடப்படுவது சாவிக்கொத்து. பெரும்பாலான வலிப்புகள் ஓரிரு நிமிடங்களில் தாமாகவே நின்றுவிடும். அந்தப் பெருமை கையில் திணித்த இரும்புக்குப் போய்விடுகிறது. இரும்பு வேண்டாம். வாயில் கரண்டி, துணி, தண்ணீர் எதுவும் வேண்டாம். கைகால்களை அழுத்திப் பிடிக்கவும் வேண்டாம். கூரிய பொருள்களை அகற்றி, தலைக்கடியில் மென்மையாக எதையேனும் வைத்து, கழுத்துப் பொத்தானைத் தளர்த்துங்கள். இழுப்பு தணிந்ததும் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடங்களைக் கடந்தாலோ, நினைவு திரும்புமுன் மறுபடியும் வந்தாலோ, மூச்சுத் திணறல் அல்லது காயம் இருந்தாலோ, நீரில் விழுந்தாலோ, கர்ப்பிணியாக இருந்தாலோ உடனே 108ஐ அழையுங்கள். முழு நினைவு வரும்வரை ஒருவர் அருகில் இருக்கட்டும். மூக்கில் தெளிக்கும் மிடசோலாம் மருந்தை நாங்கள் எழுதிக் கொடுத்திருந்தால், அதைப் பயன்படுத்த வீட்டில் இருவருக்காவது தெரிந்திருப்பது நல்லது.

இவற்றையெல்லாம் மருத்துவர் சொல்வதைவிட, அதே வழியில் நடந்தவர் சொன்னால் எளிதில் மனத்தில் பதிகிறது. நோயாளர் குடும்பங்கள் ஒன்றுகூடும்போது நாங்கள் பெரும்பாலும் பேசாமல் அமர்ந்திருப்போம். குளியலறைக் கதவைத் தாழிடாமல் சாத்தி வைக்க ஒரு தாய் எப்படிப் பழக்கினார் என்பதை இன்னொரு தாய் கேட்டுக்கொள்கிறார். இருபது வயது மகனின் கட்டிலருகே இன்னும் பாய் விரித்துப் படுக்கும் தந்தை, தாம் முழு இரவு தூங்கிப் பல ஆண்டுகள் ஆயிற்று என்பதை அங்கேதான் முதன்முறையாகச் சொல்கிறார். ஆனால் ஒன்று: ஒருவரின் மாத்திரையை மற்றவர் கேட்டு வாங்கிச் சாப்பிடுவதும், வாட்ஸ்அப்பில் வரும் மூலிகையை நம்பி மருந்தை விடுவதும் அக்கூட்டங்களின் பெயரால் நடக்கக் கூடாது.

உலகில் சுமார் 5 கோடிப் பேருக்கு இந்நோய் உள்ளது என்றும், உரிய சிகிச்சை கிடைத்தால் அவர்களில் 70 விழுக்காட்டினர் வரை வலிப்பின்றி வாழ முடியும் என்றும் உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. அதற்கு மாத்திரை நாள்தோறும் வேளை தவறாமல் உள்ளே செல்ல வேண்டும். ஒளித்து வைத்த மாத்திரை அவ்வாறு செல்வதில்லை.

அடுத்த முறை வரும்போது பழைய சீட்டுகளுடன், வலிப்பை நேரில் கண்டவர் ஒருவரையும் அழைத்து வாருங்கள். அவர் உறவினராக இல்லாவிட்டாலும் பரவாயில்லை.