சஃபாரி என்றால் வேட்டையா?

என் பக்கத்து வீட்டுக்காரர் தபால் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். முதல் முறையாக ஒரு மேக் கம்ப்யூட்டர் வாங்கினார். மூன்றாம் நாளே என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, நான் நல்லா ஏமாந்துட்டேன். இதுல இன்டர்நெட்டே இல்லை. பேத்தி பிறந்திருக்கா. மக இமெயில்ல போட்டோ அனுப்பி மூணு நாளாச்சு. இன்னும் முகத்தைப் பார்க்கலை" என்றார். குரல் உடைந்திருந்தது.

திரையின் அடியில் திசைகாட்டிப் படத்துடன் இருந்த ஐகானைக் காட்டினேன். "இதைத் திறந்து பார்த்தீங்களா சார்?"

"சஃபாரின்னு போட்டிருந்தது. ஏதோ சிங்கம், புலியைச் சுடற கேம்னு விட்டுட்டேன்."

கிளிக் செய்தேன். இரண்டே நிமிடத்தில் பேத்தி திரைக்கு வந்துவிட்டாள்.

அவர் மேல் தப்பில்லை. சஃபாரி என்றால் நமக்குக் காடும் ஜீப்பும்தானே நினைவுக்கு வரும்? உண்மையில் இது கென்யா, டான்சானியா போன்ற கிழக்கு ஆப்பிரிக்க நாடுகளில் பேசப்படும் சுவாஹிலி மொழிச் சொல். பொருள், 'பயணம்'. அவ்வளவுதான்! பஸ்ஸில் பக்கத்து ஊருக்குப் போனாலும் அங்கே அது சஃபாரிதான். பயணத்தைக் குறிக்கும் 'சஃபர்' என்ற அரபுச் சொல்லிலிருந்து பிறந்தது. நம் ஊர் முஸ்லிம்கள் சொல்லும் 'சஃபர்' கூட இதேதான்.

19ஆம் நூற்றாண்டின் நடுவில், ரிச்சர்ட் பர்ட்டன் போன்ற பயணிகளின் எழுத்து வழியாக இந்தச் சொல் ஆங்கிலத்துக்கு வந்தது. 1909இல், பதவி முடிந்த அமெரிக்க அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் கிழக்கு ஆப்பிரிக்காவுக்கு வேட்டையாடப் போனார். பத்திரிகைகளில் அதே பேச்சு. வேட்டை என்ற பொருள் நன்றாக ஒட்டிக்கொண்டது. பிறகு துப்பாக்கி போய் கேமரா வந்தது.

2003 ஜனவரியில் ஸ்டீவ் ஜாப்ஸ் ஆப்பிளின் புதிய பிரவுசரை இந்தப் பெயரில் அறிமுகம் செய்தார். வெப்சைட் விட்டு வெப்சைட் போவதும் பயணம்தானே? திசைகாட்டி ஐகானும் பொருத்தம்தான்.

விண்டோஸ் வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. 2007இல் விண்டோஸுக்கும் சஃபாரி வந்தது. ஆனால் 2012க்குப் பிறகு புதிய பதிப்பு இல்லை. பழையதை எங்கிருந்தாவது டவுன்லோட் செய்யாதீர்கள், பாதுகாப்பில்லை. எட்ஜ், குரோம், ஃபயர்பாக்ஸ் போதும்.

கம்ப்யூட்டருடனே வந்த ஐகானின் பெயர் புரியவில்லையா? பயப்படாமல் கிளிக் செய்து பாருங்கள். திறந்து பார்ப்பதால் எதுவும் கெட்டுவிடாது.

இப்போது அவர் தினமும் காலையில் சஃபாரி போகிறார், பேத்தியைப் பார்க்க!