காட்டுத் தீயை முந்தும் ஒயர்லெஸ்!

மலை உச்சியில் நின்று சேதி சொல்லும் பெட்டி

கோடை வந்துவிட்டால், மதுரையைச் சுற்றியுள்ள மலைகளில் புல் காய்ந்து சருகாகிவிடும். அழகர் மலையிலோ, சிறுமலையிலோ தீப்பிடித்தால், இரவில் தூரத்துப் பார்வைக்குச் சிவப்புச் சேலையின் கரை போலத் தெரியும்.

பார்க்க அழகுதான். ஆனால் அது உயிர் குடிக்கும் தீ!

குரங்கணியின் துயரம்

2018-ம் ஆண்டு மார்ச் 11-ந் தேதி. ஞாயிற்றுக்கிழமை.

மதுரையிலிருந்து போடிநாயக்கனூர் சுமார் 90 கிலோமீட்டர். அதற்கு அப்பால் இருப்பது குரங்கணி மலை. சென்னை, ஈரோடு, திருப்பூர் பகுதிகளிலிருந்து வந்த 30-க்கும் மேற்பட்டவர்கள் கொழுக்குமலைக்கு ஏறிப் போய், கீழே இறங்கிக் கொண்டிருந்தார்கள். அவர்களில் பெண்களும் இருந்தார்கள்.

தீ அவர்களைச் சூழ்ந்து கொண்டது!

உள்ளூர் மக்கள் முதலில் ஓடிப்போய் உதவினார்கள். விமானப் படை ஹெலிகாப்டர்களும் வந்தன. தீக்காயம் பட்டவர்களில் பலர் மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனைக்குக் கொண்டு வரப்பட்டார்கள். 20-க்கும் மேற்பட்ட உயிர்கள் பறிபோயின. நாடே கண்ணீர் விட்டது.

ஓட முடியாதா?

"தீயைக் கண்டதும் ஓடிவிடலாமே" என்று சிலர் கேட்பார்கள். சமவெளியில் சரி. மலையில் அது கடினம்.

தீயின் அனல் மேல் நோக்கிப் போகும். சரிவில் மேலே உள்ள புல்லை அது முன்னதாகவே சூடாக்கி உலர்த்திவிடும். ஆகவே மேட்டில் ஏற ஏற தீக்கு வேகம் கூடும். மனிதனுக்கோ மேட்டில் ஏற ஏற மூச்சு வாங்கும்!

அதனால் தீ நெருங்கும் முன்பே சேதி வர வேண்டும். தீ எங்கே இருக்கிறது? காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது? எந்த வழி பாதுகாப்பானது? இந்த மூன்றும் நேரத்தில் தெரிந்தால் உயிர் தப்ப வழி உண்டு.

ஒருவர் பேச, எல்லோரும் கேட்க

காட்டில் எல்லா இடத்திலும் செல்போன் வேலை செய்யாது. அங்கே கைகொடுப்பது ஒயர்லெஸ்.

கையில் பிடிக்கும் வாக்கி-டாக்கியில் பொத்தானை அழுத்தினால் பேசலாம், விட்டால் கேட்கலாம். செல்போனில் ஒருவரிடம் பேசிவிட்டு, அடுத்தவரை அழைக்க வேண்டும். ஒயர்லெஸ்ஸில் ஒருவர் பேசினால், அதே அலைவரிசையில் உள்ள அத்தனை பேருக்கும் ஒரே நேரத்தில் கேட்கும். ஆனால் ஒருவர் பேசும்போது மற்றவர்கள் காத்திருக்க வேண்டும். அதனால் சுருக்கமாகப் பேசுவதே முறை.

இதற்கும் ஓர் எதிரி உண்டு. அதுதான் மலை! இந்த அலைகள் பெரும்பாலும் நேர் கோட்டில் போகும். குறுக்கே மலை நின்றால் அந்தப் பக்கம் கேட்காது.

அதற்குத்தான் உயரமான இடத்தில் "ரிப்பீட்டர்" என்ற பெட்டியை வைக்கிறார்கள். பள்ளத்தாக்கில் நிற்கும் காவலரின் குரலை அது ஓர் அலைவரிசையில் வாங்கி, மற்றோர் அலைவரிசையில் பலமாகத் திருப்பி அனுப்பும். மின்சாரக் கம்பி போகாத உச்சியில் சூரிய ஒளியில் மின்சாரம் எடுத்து அதை இயக்கலாம்.

அமெரிக்க வனத்துறை 1930-களிலேயே தூக்கிச் செல்லும் ரேடியோக்களைத் தீயணைப்புக்குப் பயன்படுத்தியது. தொலைபேசிக் கம்பியைத் தீ அறுத்துவிடும். அலையை அறுக்க முடியுமா?

வானத்தில் ஒரு காவல்காரன்

இன்று செயற்கைக்கோள்களும் காட்டைக் காவல் காக்கின்றன. டேராடூனில் உள்ள இந்திய வன அளவை நிறுவனம், அவை காணும் தீயைப் பற்றி 2004 முதல் எச்சரிக்கை அனுப்பி வருகிறது. வனத்துறையினரின் செல்போனுக்கே சேதி போகிறது.

ஆனால் செயற்கைக்கோள் ஓர் இடத்தை எந்நேரமும் பார்த்துக் கொண்டிருப்பதில்லை. மேகம் மறைத்தாலும் அதற்குத் தீ தெரியாது. எனவே மலையில் நிற்கும் காவலரின் கண்ணும், அவர் கையிலுள்ள ஒயர்லெஸ்ஸும் இன்றும் தேவை.

நாம் செய்ய வேண்டியது

குரங்கணி விபத்துக்குப் பிறகு, 2018-ல் தமிழ்நாடு அரசு மலையேற்றத்துக்குத் தனி விதிகள் கொண்டு வந்தது. அனுமதி வாங்குவது வெறும் காகித வேலை அல்ல. நீங்கள் எந்த மலையில் இருக்கிறீர்கள் என்று தெரிந்தால்தானே உங்களைத் தேடி எச்சரிக்கை வரும்? சொல்லாமல் போனவரை எந்த ஒயர்லெஸ் கூப்பிடும்?

காட்டோரத்தில் பீடித் துண்டை அணைக்காமல் எறியாதீர்கள். மலையில் புகை கண்டால் உடனே வனத்துறைக்கோ, தீயணைப்பு நிலையத்துக்கோ சொல்லுங்கள். தீ ஒரு முழம் இருக்கும்போது சொன்னால் ஒரு பச்சைக் கிளையே அதை அடித்து அணைத்துவிடும்!